நீதிமன்றம் நடத்திய சூரியன்: பாபிலோனியரின் ஷமாஷ்

பாபிலோன், அசிரியா என்று பேச்சு வந்தால், அங்கே இருந்த சூரியக் கடவுளைப் பற்றி மூன்று விஷயங்கள் கட்டாயம் காதில் விழும். "அவர்தான் அவர்களுடைய தலைமைக் கடவுள்." "பாபிலோன் அரசன் ஹம்முராபியின் கையில் சட்டத்தைக் கொடுத்தவர் அவர்தான்." "உலகம் முழுக்கச் சூரியனைக் கும்பிட்டார்கள், இவர்களும் கும்பிட்டார்கள், அவ்வளவுதான்." முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், அந்த மக்கள் சூரியனைப் பார்த்து என்ன கேட்டார்கள் என்பது தெரியாமலே போய்விடும்.

அவர்கள் கேட்டது தீர்ப்பு.

இந்த ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும். சந்தைத் தராசு, ஆட்டின் ஈரல், வீட்டுக்குள் வந்த பாம்பு, அரசன் நட்ட கல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தெரிகிற எல்லாம் ஒரே நூலில் கோர்த்துக்கொள்ளும். முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெதுவாகவே போவோம்.

முதலில் இடமும் பெயரும்

யூப்ரடீஸ், டைக்ரிஸ் என்ற இரண்டு ஆறுகள் ஓடும் இன்றைய ஈராக்தான் களம். இதைத்தான் மெசபடோமியா என்கிறோம். அதன் தெற்குப் பகுதி பாபிலோனியா, வடக்குப் பகுதி அசிரியா. தெற்கே முதலில் எழுத்தையும் நகரங்களையும் வளர்த்தவர்கள் சுமேரியர்கள். அவர்கள் சூரியக் கடவுளை உத்து என்றார்கள். அவர்களோடு கலந்து வாழ்ந்து, பிறகு மேலோங்கிய மக்களின் மொழி அக்காடியம். பாபிலோனியரும் அசிரியரும் பேசியது இதே அக்காடியத்தின் இரண்டு வட்டார வழக்குகள். அந்த மொழியில் சூரியனுக்குப் பெயர் ஷமாஷ். கடவுளுக்கும் அதே பெயர்தான்.

இந்தச் சொல் நமக்கு அவ்வளவு அந்நியமானது இல்லை. அக்காடியமும் அரபியும் எபிரேயமும் ஒரே மொழிக்குடும்பம். அரபியில் சூரியன் 'ஷம்ஸ்', எபிரேயத்தில் 'ஷெமெஷ்'. நம் ஊர்களில் ஷம்சுத்தீன் என்று பெயருள்ளவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பெயரின் முதல் பாதியில் இருப்பது ஷமாஷ் என்ற சொல்லின் உடன்பிறப்புதான்.

அவர்கள் எழுதியது ஆப்பெழுத்து. ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியை அழுத்தி, ஆப்பு வடிவக் கோடுகளால் எழுதும் முறை அது. அந்த எழுத்தில் சூரியன், பகல், வெண்மை மூன்றுக்கும் ஒரே குறிதான். சூரியனின் இரண்டு பெருங்கோயில்கள் தெற்கே லார்சாவிலும், பாக்தாத்துக்குத் தென்மேற்கே உள்ள சிப்பாரிலும் இருந்தன. இரண்டுக்குமே பெயர் எபப்பர். வெண்மையாய் ஒளிரும் இல்லம் என்று பொருள்.

தலைமைக் கடவுள் யார்?

எகிப்தை மனத்தில் வைத்துக்கொண்டு மெசபடோமியாவைப் பார்ப்பதால் வருகிற குழப்பம் இது. எகிப்தில் சூரியன் மிக உயர்ந்த இடத்தில் இருந்தது உண்மை. மெசபடோமியாவில் அப்படி இல்லை. பழைய சுமேரிய மரபில் வானக் கடவுள் அனுவும் காற்றுக் கடவுள் என்லிலும் மேலே இருந்தார்கள். பாபிலோன் நகரம் வலுப்பெற்றபோது அந்த ஊர்க் கடவுளான மர்துக் மேலே வந்தார். அசிரியாவில் அந்த இடம், அசூர் நகரின் அதே பெயர்கொண்ட கடவுளான அசூருக்கு.

ஷமாஷ் யாருக்குப் பிள்ளை தெரியுமா? நிலாவுக்கு. சந்திரக் கடவுள் சின் தந்தை, ஷமாஷ் மகன். காதலுக்கும் போருக்கும் உரிய இஷ்தார் அவருடைய இரட்டைச் சகோதரி. மனைவி ஆயா. தேரோட்டி புனேனே.

சூரியன் எப்படி நிலாவின் மகனாக முடியும் என்று முதலில் படிக்கும்போது எனக்கு இடறியது. அவர்களுடைய நாட்காட்டியை நினைத்துப் பார்த்தால் இது சரியாகப் புலப்படும். மாதம் பிறப்பது பிறையைப் பார்த்துத்தான். நாளும் சாயங்காலத்தில் தொடங்குகிறது. முதலில் இரவு, அதிலிருந்து பகல். கடவுள்களுக்கு எண்களும் கொடுத்திருந்தார்கள். மாதத்தின் நாட்களையொட்டி சின்னுக்கு 30, ஷமாஷுக்கு 20, இஷ்தாருக்கு 15. பெயரை எழுதாமல் 20 என்று மட்டும் எழுதினாலே அது ஷமாஷைக் குறித்தது.

ஆகவே, ஷமாஷ் பெரிய கடவுள்தான், ஆனால் அரியணையில் உட்கார்ந்தவர் அல்லர். அவருக்கு அதிகாரம் வந்தது பதவியால் அல்லாமல் வேலையால். அந்த வேலை என்ன?

வெளிச்சத்துக்கு வருவது

ஒரு மோசடி அம்பலமானால் நாம் என்ன சொல்கிறோம்? 'வெளிச்சத்துக்கு வந்தது' என்கிறோம். துணிந்து செய்த திருட்டைப் 'பட்டப்பகலில்' செய்தான் என்கிறோம். ஒளிக்கும் உண்மைக்கும் உள்ள உறவு நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது. பாபிலோனியர்கள் இந்த உணர்வைப் பேச்சோடு விடாமல் ஒரு முழு ஏற்பாடாகவே கட்டினார்கள்.

தெருமுனை டீக்கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் யார் எந்தப் பக்கம் போனார், யார் வீட்டுக்கு யார் வந்தார், எல்லாம் அவருக்குத் தெரியும். தேடிப் போய்ப் பார்ப்பதில்லை, இருந்த இடத்திலிருந்தே கண்ணில் படுகிறது. இப்போது அந்தக் கடையை வானத்தின் உச்சிக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு நாளும் கிழக்கு மலையில் கதவைத் திறந்து வந்து, எல்லா நாட்டையும் கடந்து, மேற்கு மலையில் இறங்குகிற ஒருவருக்குத் தெரியாதது என்ன இருக்கும்? வணிகனின் பை, காட்டுக்குப் போன வேடன், தூர தேசத்தில் வழி தெரியாத பயணி, எல்லாரும் அவர் கண்ணுக்குக் கீழே.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கண்காணிப்புக் கேமராவும் எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆனால் அது சாட்சி மட்டும். ஷமாஷ் சாட்சி, நீதிபதி இரண்டும் சேர்ந்தவர். பார்த்ததோடு நிற்காமல் முடிவும் சொல்கிறார். 'வானத்துக்கும் பூமிக்கும் நீதிபதி' என்பது அவருடைய வழக்கமான பட்டம்.

அவருக்குப் பக்கத்தில் இரண்டு துணைத் தெய்வங்கள் உண்டு. கித்து, மீஷாரு. கித்து என்றால் உண்மை, நிலையாக நிற்பது. மீஷாரு என்றால் நேராக்குவது, கோணலை நிமிர்த்துவது. நடந்தது என்ன என்று கண்டுபிடிப்பது முதல் வேலை, கோணிப் போனதைச் சரிசெய்வது இரண்டாவது. நீதி என்பதை இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் வியப்புதான். மீஷாரு என்பது வெறும் கருத்தாக மட்டும் இருக்கவில்லை. பாபிலோனிய அரசர்கள் சில சமயம் மக்களின் கடன் சுமையை ரத்து செய்து ஆணை போட்டார்கள். அந்த ஆணைக்கே பெயர் 'மீஷாரும்'.

ஷமாஷின் படங்களில் தோளிலிருந்து கதிர்கள் எழும். கையில் ஒரு ரம்பம் இருக்கும். சூரியனுக்கு எதற்கு ரம்பம்? மலையை அறுத்து வழி செய்துகொண்டு எழுகிறார் என்பது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கம் மொழிக்குள் இருக்கிறது. அக்காடியத்தில் முடிவு செய்வதைக் குறிக்கும் வினைச்சொல்லுக்கு 'வெட்டிப் பிரித்தல்' என்பதே அடிப்பொருள். நாமும் 'அறுதியாகச் சொல்' என்கிறோம் அல்லவா? அறு என்ற சொல்லிலிருந்து அறுதி. ரம்பம் பிடித்த நீதிபதியைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அதிக நேரம் ஆகாது.

நாள் முழுக்க மேலே சுற்றினால் ராத்திரியில் எங்கே போகிறார்? இதற்கு அவர்களிடம் ஒரே பதில் இல்லை. வானத்தின் உள்ளறைக்குப் போய் ஆயாவோடு ஓய்வெடுக்கிறார் என்று சில பாடல்கள் சொல்கின்றன. பாதாளத்தின் வழியாகப் போகிறார், அங்கே இறந்தவர்களின் வழக்கையும் கேட்கிறார் என்று வேறு சில. இந்த இரண்டாவது எண்ணத்தால்தான், செத்தவரின் ஆவி தொந்தரவு செய்கிறது என்று நம்பியவர்கள் ஷமாஷிடம் முறையிட்டார்கள். மேலுலகம், கீழுலகம் இரண்டிலும் செல்லுபடியாகும் உத்தரவு போடக்கூடியவர் அவர் ஒருவரே.

பறவையும் பாம்பும் செய்த சத்தியம் ஒன்றைப் பற்றிய பழங்கதையும் உண்டு. ஏதானா என்ற அரசனின் கதையில் வருகிறது. கழுகும் பாம்பும் ஒரே மரத்தில் குடியிருந்தன. ஒன்றையொன்று ஏமாற்றுவதில்லை என்று ஷமாஷின் முன்னால் ஆணையிட்டன. கழுகு வாக்கை மீறிப் பாம்பின் குஞ்சுகளைத் தின்றுவிட்டது. பாம்பு ஷமாஷிடம் அழுதது. செத்த மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்திரு, இறைச்சிக்குக் கழுகு வரும், பிடித்துக்கொள் என்று ஷமாஷ் வழி காட்டினார். பாம்பு அப்படியே பிடித்து, சிறகை ஒடித்து, குழியில் தள்ளியது. இத்தோடு முடியவில்லை. குழியில் கிடந்த கழுகும் தினமும் ஷமாஷையே கூப்பிட்டது. அதையும் அவர் கேட்டார். ஏதானாவை அனுப்பிக் கழுகைக் காப்பாற்றினார். தண்டனை கொடுத்தவரிடமே கருணையும் கேட்கலாம் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

இதுவரை வந்ததைச் சேர்த்துக்கொள்வோம். சூரியன் எல்லாவற்றையும் பார்க்கிறது. பார்ப்பவருக்கு உண்மை தெரியும். உண்மை தெரிந்தவரே தீர்ப்புச் சொல்ல முடியும். இந்தச் சங்கிலி பிடிபட்டால் மற்றவை தானாக விளங்கும்.

சிப்பார்: கடைத்தெருவில் ஒரு கடவுள்

கடவுள் நீதிபதி என்று பாட்டில் பாடுவது எளிது. சிப்பார் நகரத்தின் களிமண் பலகைகளைப் பார்த்தால், அந்த நம்பிக்கை தினசரி வியாபாரத்துக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது தெரிகிறது. அந்தப் பலகைகளில் நிலம் விற்ற பத்திரம், வாடகை ஒப்பந்தம், கடன் சீட்டு என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் ஹம்முராபியின் வம்சம் ஆண்ட காலம், கி.மு. 1900 முதல் 1600 வரை.

வெள்ளியை நிறுக்க 'ஷமாஷின் எடைக்கல்', தானியத்தை அளக்க 'ஷமாஷின் மரக்கால்'. இவை கோயிலின் தரப்படுத்திய அளவுகள். கடன் பத்திரத்தில் வட்டியும் 'ஷமாஷின் வட்டி' என்று குறிக்கப்படும். ஒப்பந்தம் முடிந்தால் ஷமாஷ், ஆயா, மர்துக், ஆளும் அரசன் ஆகியோர் பெயரில் சத்தியம் செய்வார்கள். நிலத் தகராறு வந்தால் ஷமாஷின் ரம்பம் கோயிலை விட்டு வயலுக்கே போகும். அதன் முன்னால் நின்று, இது என் நிலம் என்று சொல்ல வேண்டும். பொய் சொல்ல நினைப்பவருக்கு வாய் வருமா?

கோயில் கடனும் கொடுத்தது. ஏழைக்கோ நோயாளிக்கோ கொடுத்த சில சீட்டுகளில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஷமாஷ் என்றே எழுதியிருக்கிறது. திருப்பித் தர வேண்டிய நாளுக்குப் பதிலாக, உடம்பு தேறி நலமானதும் ஷமாஷுக்குக் கொடுப்பான் என்று இருக்கும். மூவாயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கடன் சீட்டில் இப்படி ஒரு வரியைப் படிக்கும்போது மனசு கொஞ்சம் நின்றுபோகிறது.

கோயிலை ஒட்டி மதில் சூழ்ந்த ஒரு குடியிருப்பு. அதில் நதீத்து எனப்பட்ட பெண்கள் வாழ்ந்தார்கள். நதீத்து என்ற பெயர் விதைக்காமல் விட்ட தரிசு நிலத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தது. அவர்கள் பிள்ளை பெறக் கூடாது. வசதியான வீட்டுப் பெண்கள், ஷமாஷுக்கும் ஆயாவுக்கும் ஒப்படைக்கப்பட்டவர்கள். மதிலுக்குள் இருந்துகொண்டே நிலம் வாங்கினார்கள், குத்தகைக்கு விட்டார்கள், கடன் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். மாரி நாட்டு அரசன் சிம்ரிலிமின் மகள் எரிஷ்தி-ஆயா அவர்களில் ஒருத்தி. உங்களுக்காக இடைவிடாமல் வேண்டிக்கொள்கிறேனே, எனக்கு அனுப்ப வேண்டியது ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு அவள் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அரசகுமாரிக்கும் அப்படி ஒரு நிலை.

இந்தக் கடைத்தெரு நீதியின் உச்சம் ஷமாஷைப் போற்றும் நீண்ட பாடல் ஒன்று. 200 வரி. அசிரிய அரசன் அசூர்பனிபால் நினிவே நகரில் சேர்த்து வைத்த நூலகத்தில் அதன் பிரதிகள் கிடைத்தன. கதிரையும் ஒளியையும் புகழ்ந்து தொடங்குகிற பாட்டு, போகப் போகத் தராசுக்கு வந்துவிடுகிறது. எடைக்கல்லை மாற்றி வைத்து ஏமாற்றும் வியாபாரிக்கு நட்டம்தான் வரும். நேர்மையாக நிறுப்பவனுக்குச் செழிப்பு. லஞ்சம் வாங்கி நியாயத்தைத் திரிக்கும் நீதிபதிக்குத் தண்டனை. லஞ்சத்தைத் தொடாமல் எளியவன் பக்கம் நிற்பவனுக்கு நீண்ட ஆயுள். சூரியனைப் பாடும் பாட்டில் எடைக்கல் எதற்கு என்று இப்போது யாரும் கேட்க மாட்டீர்கள்.

ஹம்முராபியின் கல்: என்ன கொடுக்கப்படுகிறது?

இனி பிரபலமான அந்தப் படம். சுமார் 2.25 மீட்டர் உயரமுள்ள கருநிறக் கல். உச்சியில் இரண்டு உருவங்கள். வலப்பக்கம் ஒருவர் அமர்ந்திருக்கிறார். தோளில் கதிர்கள், தலையில் பல அடுக்குக் கொம்புகள் வைத்த மகுடம். கொம்பு மகுடம் தெய்வத்தின் அடையாளம். ஆகவே அவர் ஷமாஷ். எதிரே நிற்பவர் பாபிலோன் அரசன் ஹம்முராபி (கி.மு. 1792–1750), ஒரு கையை வாயருகே உயர்த்தி வணங்குகிறார். கீழே முழுக்க எழுத்து. இன்றைய ஆய்வாளர்கள் எண்ணிட்டபடி 282 சட்டங்கள், முன்னுரை, பின்னுரை.

இந்தப் படத்தை வைத்துத்தான் 'கடவுள் சட்டம் கொடுத்தார்' என்கிறார்கள். மலையில் மோசே கற்பலகைகளைப் பெற்ற விவிலியக் காட்சி மனத்தில் இருப்பதால் இதையும் அப்படியே படித்துவிடுகிறோம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஷமாஷின் கையில் பலகை எதுவும் இல்லை. ஒரு கோலும் ஒரு வளையமும்தான் இருக்கின்றன. மெசபடோமியக் கலையில் இவை ஆட்சியுரிமையின் அடையாளங்கள். அளவுகோலும் அளக்கும் கயிற்றுச் சுருளுமாக இவை தொடங்கியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

கல்லின் எழுத்தே பதில் சொல்கிறது. இவை திறமையுள்ள அரசன் ஹம்முராபி நிலைநிறுத்திய நீதியான தீர்ப்புகள் என்று அதில் இருக்கிறது. சட்டம் அரசனுடையது. அப்படியானால் ஷமாஷ் எதைக் கொடுத்தார்? அதையும் அரசனே சொல்கிறான்: தனக்கு உண்மையை அருளியவர் ஷமாஷ். அதாவது கித்து. எது சரி, எது தவறு என்று கண்டுணரும் திறன்.

வாத்தியார் மாணவனுக்கு அளவுகோலைக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தை வரைவது மாணவன்தான். கோடு கோணினால் அளவுகோலைக் குறை சொல்ல முடியாது. ஹம்முராபிக்கும் ஷமாஷுக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதுதான். பின்னுரையில் இன்னொரு அழகான இடம் உண்டு. அநீதி இழைக்கப்பட்டவன் இந்தக் கல்லின் முன் வரட்டும், எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்கட்டும், தன் வழக்கு என்னவென்று அவனுக்குப் புலப்படட்டும் என்கிறான் அரசன்.

கல் முதலில் ஷமாஷின் ஊரான சிப்பாரில் நின்றதாகப் பலர் கருதுகிறார்கள். கி.மு. 12ஆம் நூற்றாண்டில், இன்றைய ஈரானில் இருந்த ஏலம் என்ற நாட்டின் அரசன் ஷுத்ருக்-நஹ்ஹுந்தே அதைக் கொள்ளைப் பொருளாகத் தூக்கிக்கொண்டு போனான். 1901–02இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் ஈரானின் சூசாவில் அதைக் கண்டெடுத்தார்கள். இப்போது பாரிஸில், லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஈரலில் எழுதிய தீர்ப்பு

அடுத்து வருவது பலருக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருக்கலாம். ஆனால் ஷமாஷைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாவி இல்லை.

மனிதர்களுக்குள் நடக்கும் வழக்கில் சாட்சி, பத்திரம், சத்தியம் எல்லாம் உண்டு. எதிர்காலத்தைப் பற்றிய கேள்விக்கு? நாளை எதிரி வருவானா, இந்த அதிகாரியை நம்பலாமா? இதையும் ஒரு வழக்காகவே அவர்கள் நினைத்தார்கள். வழக்கை ஷமாஷிடமும், மழைக்கும் இடிக்கும் உரிய அதாதுவிடமும் தாக்கல் செய்வார்கள். தேவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பை ஷமாஷ் ஆட்டுக்குட்டியின் உள்ளுறுப்பில், முக்கியமாக ஈரலில், எழுதி வைப்பார். இதைப் படிப்பவர் பாரூ. பார்ப்பவர் என்று பொருள். (நம் 'பார்' என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். இதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம் என்பது என் அன்பான வேண்டுகோள்.)

எப்படிப் படிப்பார்கள்? ஈரலைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். 'இருப்பு', 'பாதை', 'விரல்', 'அரண்மனை வாசல்' என்பது போல. வலப்பக்கம் கேட்பவருக்கு, இடப்பக்கம் எதிரிக்கு. ஒரு பள்ளமோ துளையோ கெட்ட குறி. அது வலப்பக்கம் இருந்தால் நமக்குக் கேடு, இடப்பக்கம் இருந்தால் எதிரிக்குக் கேடு, எனவே நமக்கு நல்லது. இப்படி ஒவ்வொரு பகுதியாகப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் எடைபோட்டு முடிவுக்கு வருவார்கள். தெளிவாக வராவிட்டால் இன்னொரு ஆட்டைப் பார்ப்பார்கள். பாரூ இதைப் பல வருஷம் படித்துத் தேற வேண்டும். கட்டம் போட்டுக் குறிப்பெழுதிய களிமண் ஈரல் மாதிரி ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அசிரிய அரசர்கள் எசர்ஹத்தோன் (கி.மு. 681–669), அவர் மகன் அசூர்பனிபால் காலத்துக் கேள்விப் பலகைகள் நினிவேயில் கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும்: ஷமாஷே, பெரும் தலைவரே, நான் கேட்பதற்கு உறுதியான பதில் தாரும். அடுத்து கெடு: இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை. அப்புறம் கேள்வி. கிழக்கே, இன்றைய ஈரானில் வாழ்ந்த மேதியர் பகுதித் தலைவன் கஷ்தரித்து படையோடு வந்து எல்லை நகரைப் பிடிப்பானா? இன்னாரை இந்தப் பதவியில் அமர்த்தினால் துரோகம் செய்வானா? நோயில் கிடக்கும் அரசர் பிழைப்பாரா?

கேள்விக்குப் பிறகு வருகிற வரிகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆட்டில் ஏதும் குறை இருந்தால் பொருட்படுத்தாதீர். தீட்டுப்பட்டவர் இந்த இடத்தைத் தொட்டிருந்தால் பொருட்படுத்தாதீர். என் வாயில் சொல் இடறியிருந்தால் பொருட்படுத்தாதீர். ஒரு சின்னத் தவறால் மனு தள்ளுபடி ஆகிவிடக் கூடாதே என்ற பதற்றம் இது. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று தவித்த யாருக்கும் இது புரியும்.

ஆக, குறி பார்த்தல் என்பது அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஊகிப்பது இல்லை. மனு, நீதிபதி, எழுத்து வடிவில் தீர்ப்பு, அதைப் படிக்கத் தேர்ந்த ஆள் என்று முறையான விசாரணை.

மேல்முறையீடு

'அந்தக் காலத்தவர்கள் விதியை நம்பி முடங்கிக் கிடந்தார்கள்' என்பது இன்னொரு பரவலான எண்ணம். மெசபடோமியாவுக்கு இது பொருந்தாது.

வீட்டுக்குள் பாம்பு ஒருவன்மேல் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அது கெட்ட சகுனம். ஆனால் சகுனம் என்பது அவன்மேல் தேவர்கள் சொல்லியிருக்கும் தீர்ப்பின் அறிவிப்பு மட்டுமே. தீர்ப்பு என்றால் அதை எதிர்த்து முறையிடலாம் அல்லவா? அதற்கென்று ஒரு சடங்கு இருந்தது. பெயர் நம்புர்பி, 'அதை அவிழ்ப்பது' என்று பொருள்படும் சுமேரியச் சொல். முடிச்சை அவிழ்ப்பது போல.

அந்தச் சடங்கின் நடுவில் நடப்பது அப்படியே ஒரு வழக்கு. ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவன். எதிர்ப்பக்கம் பாம்பின் களிமண் உருவம். நடுவே, கிழக்கே எழும் ஷமாஷ். இந்தத் தீமையிலிருந்து என்னை விடுவியும், என் வழக்கைத் தீரும் என்று அவன் சொல்வான். தீமை அந்த உருவத்தின்மேல் ஏற்றப்படும். பிறகு அது ஆற்றோடு போகும். அவன் வந்த வழியே திரும்பாமல் வேறு வழியாகப் போக வேண்டும். சில சடங்குகளில், நேரே வீட்டுக்குப் போகாமல் பீர் விற்கும் கடைக்குள் நுழைந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பீடையைத் தடம் தெரியாமல் ஆக்குவதற்கு.

மேல்முறையீடு உண்டு என்று நம்புகிறவன் இரவில் கொஞ்சமாவது தூங்குவான்.

அசிரியாவில்

அசிரியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை, ஷமாஷின் குணம் அங்கேயும் இதுதான். அசூர் நகரில் சின்னுக்கும் ஷமாஷுக்கும் சேர்த்து ஒரே கோயில். அசிரியச் சிற்பங்களில் வரும் சிறகு முளைத்த வட்டு ஷமாஷைக் குறிக்கிறதா, அசூரைக் குறிக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அரசர்களோ தங்களையே 'மக்கள் அனைவருக்கும் சூரியன்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஹம்முராபியும் அப்படித்தான், 'பாபிலோனின் சூரியன்' என்று. நான்தான் கடவுள் என்பது இதற்குப் பொருளில்லை. ஷமாஷ் மேலே செய்கிற வேலையை நான் கீழே செய்கிறேன் என்பதுதான். அசூர்பனிபாலின் அண்ணனும் பாபிலோன் அரசனுமான ஷமாஷ்-ஷும்-உகினின் பெயரிலேயே இந்தக் கடவுள் இருக்கிறார்.

தொலைந்துபோன சிலை

கடைசியாக ஒரு கதை. இதுவும் சிப்பாரில் நடந்ததுதான்.

கோயிலில் இருக்கும் தெய்வ உருவம் அவர்களுக்கு வெறும் சிலை இல்லை. செய்து முடித்ததும் 'வாய் கழுவுதல்' என்ற சடங்கு நடக்கும். அதன் பிறகே அது உண்ணவும் கேட்கவும் வல்ல தெய்வம். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் சுத்தியர் என்ற கூட்டத்தார் எபப்பரைச் சூறையாடியபோது ஷமாஷின் உருவம் காணாமல் போயிற்று. பிறகு வந்த அரசன் சிம்பர்-ஷிபக் தேடிப் பார்த்தான். உருவம் எப்படி இருந்தது என்பதுகூடத் தெரியவில்லை. தெரியாமல் புதிதாகச் செய்வது தப்பு. ஆகவே ஒரு சூரிய வட்டை மட்டும் நிறுவி, அதற்குப் படையல் வைத்தார்கள். பஞ்சம் வந்தது, படையலும் நின்றது, மறுபடி தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக அந்த வட்டுதான் ஷமாஷ்.

கி.மு. 9ஆம் நூற்றாண்டில் நபு-அபலா-இத்தினா ஆண்டபோது, யூப்ரடீஸின் மேற்குக் கரையில் பழைய உருவத்தைக் காட்டும் களிமண் மாதிரி ஒன்று கிடைத்தது. கோயில் பூசாரி அதை அரசனிடம் காட்டினார். பொன்னாலும் நீல லாபிஸ் கல்லாலும் ஷமாஷ் மறுபடி உருவானார். இந்தக் கதை முழுவதையும் ஒரு கல் பலகையில் வெட்டி வைத்தார்கள், மேலே படமும் உண்டு. ஏறக்குறைய 250 ஆண்டு கழித்து, பாபிலோன் அரசன் நபோபொலாசர் காலத்தில், அந்தப் பலகையைக் களிமண் பெட்டியில் வைத்து, படத்தின்மேல் களிமண்ணைப் பொதித்துப் பத்திரமாக மூடினார்கள்.

1881இல் மோசுலைச் சேர்ந்த அகழாய்வாளர் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் சிப்பாரில் தோண்டியபோது பெட்டி கிடைத்தது. பலகை இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓரடிக்கும் குறைவான உயரம். படத்தின் நடுவில் ஒரு மேசைமேல் பெரிய சூரிய வட்டு, மேலிருந்து இரண்டு சிறு தெய்வ உருவங்கள் அதைக் கயிற்றால் பிடித்திருக்கின்றன. இடப்பக்கம் மூன்று பேர் வணங்கி வருகிறார்கள். வலப்பக்கம் விதானத்தின் கீழே, கொம்பு மகுடத்தோடு, திரும்பி வந்த ஷமாஷ் அமர்ந்திருக்கிறார். ஹம்முராபியின் கல் செதுக்கப்பட்டு அப்போது ஒன்பது நூற்றாண்டு ஆகியிருந்தது. கையில் அதே கோல், அதே வளையம்.